247 பூசணி, 247 எழுத்து: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு வகுப்பு முடிந்து வண்டி எடுக்கும்போது பலரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த வருஷமும் பூசணிக்காய் உண்டா சார்?" உண்டு. போன வருஷம் ஹாலோவீனை ஒட்டி, காய்க்கு ஒரு தமிழ் எழுத்தாகச் செதுக்கி உள்ளே விளக்கு வைத்து, உயிர் 12, மெய் 18 என்று முப்பது காய் வைத்தோம். இந்த வருஷம் மொத்த எழுத்தும். 247 பூசணிக்காய். அக்டோபர் 30, வெள்ளிக்கிழமை மாலை, நாம் வகுப்பு நடத்தும் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் புல்வெளிச் சரிவில்.

இந்த எண்ணிக்கை எனக்கு மலைப்பாகத்தான் இருந்தது. அப்புறம் காகிதத்தில் கட்டம் போட்டுப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. மேல் வரிசையில் ஆய்தம் மூலையில் நிற்க, அதை அடுத்துப் பன்னிரண்டு உயிர். அதற்குக் கீழே பதினெட்டு வரிசை. ஒவ்வொன்றிலும் ஒரு மெய், பன்னிரண்டு உயிர்மெய். பத்தொன்பது வரிசை, வரிசைக்குப் பதின்மூன்று. ஒரு இடம்கூடக் காலியாக இல்லாத நீள்சதுரம். சுவரில் தொங்கும் அதே அட்டவணையைத்தான் தரையில் விரித்து விளக்கேற்றப் போகிறோம். காய்க்கு இரண்டடி இடம் என்று வைத்தால் 26 அடி அகலம், 38 அடி நீளம். நம் சரிவில் தாராளமாக அடங்கும்.

நாம் இருப்பது பூசணி விளக்கை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாத ஊர்ப்பக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷையரில் கீன் என்ற சிறு நகரம், 2013 அக்டோபரில் ஒரே மாலையில் 30,581 பூசணி விளக்குகளை ஏற்றிக் கின்னஸ் சாதனை படைத்தது. அந்த ஊரின் மக்கள்தொகையைவிட அது அதிகம். 1991இல் சில நூறு காய்களோடு ஆரம்பித்ததுதான் அது. கடையில் நாம் வாங்கும் ஆரஞ்சு நிறச் செதுக்குக் காய்களில் பெயர்பெற்ற ரகமான ஹவுடன்கூட, நம் மாசசூசெட்ஸ் விவசாயி ஒருவர் 1960களில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வளர்த்தது. நல்ல உயரம், தடித்த காம்பு.

ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகள் சிலர் "இது பேய்க்குச் செய்யும் பூஜையா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அக்டோபர் 31, ஹாலோவீன் இரவு, கெட்டவை அண்டாமல் இருக்க டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே நெருப்பு வைத்தார்கள். அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு கிழங்கு முகத்தின் அச்சு இருக்கிறது. பார்த்தால் நிஜமாகவே பயமாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பஞ்சம் வந்து லட்சக்கணக்கானவர்கள் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தபோது பழக்கமும் கூடவே வந்தது. இங்கே கிழங்கைவிடப் பெரிய, குடைவதற்கு எளிதான காய் கிடைத்தது. அவ்வளவுதான் கதை. புது வீட்டு வாசலில் கோரப்பல் முகம் வரைந்து திருஷ்டிப் பூசணி கட்டியவர்கள் நாம். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் கிடையாது, ஆனால் அந்தப் பயமும் ஆசையும் நமக்குப் புரியாதது இல்லை. நாம் செதுக்கும் இந்த ஆரஞ்சுப் பூசணியும் அமெரிக்கக் கண்டத்துக் காய்தான். பரங்கிக்காய் என்ற பெயரே அது கடல் கடந்து நம்மிடம் வந்ததைச் சொல்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஹாலோவீனில் கலந்துகொள்ள மனம் ஒப்பாத குடும்பங்கள் இருக்கலாம். அவர்கள் ஒதுங்கிக்கொள்வதில் எங்களுக்குத் துளியும் வருத்தமில்லை. பிள்ளைகள் வகுப்பில் எழுத்து அச்சுத்தாள் வெட்டித் தரலாம், அதுவும் வேண்டாம் என்றால் வழக்கமான பாடம் இருக்கும். காரணம் யாரும் கேட்கப்போவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

போன வருஷம் இரண்டு தவறு செய்தோம், இரண்டும் என் திட்டத்தில் இருந்த தவறு. ஒன்று, காட்சிக்கு ஆறு நாள் முன்பே செதுக்கிவிட்டோம். நடுவில் வெயில் அடித்தது. வெள்ளிக்கிழமை வந்தபோது பாதிக் காய்க்குள் பூஞ்சை, ஔ உள்வாங்கிச் சுருங்கிக் கிடந்தது. அதைச் செதுக்கிய குழந்தை அழுததை நான் மறக்கவில்லை. வெட்டாத காய் குளிர்ந்த, காய்ந்த இடத்தில் வாரக்கணக்கில் இருக்கும். வெட்டிய காய்க்கு ஆயுள் சில நாள்தான். அதனால் இந்த முறை அக்டோபர் 25 ஞாயிறு வகுப்பில் எழுத்தை வரைந்து குறிப்பது மட்டும். கத்தி தொடுவது 28 புதன், 29 வியாழன் மாலைகளில், அவரவர் வீட்டில்.

இன்னொன்று சுழி. எழுத்தின் கோட்டை அப்படியே வெட்டி எடுத்தால், மூடிய வட்டத்துக்குள் இருக்கும் துண்டும் கழன்று கையோடு வந்துவிடும். ட, ப, ய இவற்றில் கவலையில்லை. க, ம, ண, ன இவற்றில் சுழி இருந்த இடம் வெறும் பொத்தலாகி, எது மூன்று சுழி, எது இரண்டு சுழி என்றே தெரியவில்லை. இதற்கு இரண்டு வழி. சுழிக்குள் இருக்கும் துண்டை வெளியோடு இணைக்க, விரல் அகலத்துக்கு ஒரு பாலம் வெட்டாமல் விடுவது. இந்த வருட அச்சுத்தாள்களில் பாலம் எங்கே என்று சிவப்பில் குறித்துத் தருகிறோம். மற்றது எனக்குப் பிடித்த வழி: ஓட்டை போடாமல் தோலை மட்டும் சீவி, கீழே இருக்கும் சதையை மெலிதாக்குவது. விளக்கு வைத்தால் அந்த இடம் தேன் நிறத்தில் ஒளிரும். சுழி விழவே விழாது. கை நிதானம் உள்ள பெரிய வகுப்புப் பிள்ளைகள் இதை முயன்று பார்க்கட்டும்.

காய் வாங்கும்போது எழுத்தை நினைத்து வாங்குங்கள். ஒகர, ஓகார, ஔகார வரிசைகளில் இருக்கும் 54 உயிர்மெய்களும் அகலமானவை. ணௌ செதுக்க வேண்டிய வீட்டுக்காரர் நெட்டைக் காய் வாங்கினால் கஷ்டம்தான், குட்டையாக, பரந்ததாகப் பாருங்கள். மற்றவர்களுக்குப் பத்து பவுண்டு அளவில் போதும். அடி தட்டையாக இருக்கிறதா, நகத்தால் அழுத்தினால் தோல் உறுதியாக நிற்கிறதா என்று பாருங்கள். காம்பைப் பிடித்துத் தூக்க வேண்டாம், ஒடிந்துவிடும். பெரிய கடைகளைவிடப் பண்ணையில் வாங்குவது எனக்கு விருப்பம். போன வருஷம் நமக்குக் காய் கொடுத்த பண்ணைக்காரர் மொத்த விலைக்குத் தரச் சம்மதித்திருக்கிறார்.

செதுக்கும் முறை: மேலே மூடி வெட்டாமல் அடியில் வட்டமாக வெட்டித் திறங்கள். மேல்பக்கம் முழுசாக இருந்தால் காய் சீக்கிரம் குழியாது, விளக்கின் மேல் அப்படியே கவிழ்த்து வைக்கவும் எளிது. குடலையும் விதையையும் எடுத்த பிறகு, எழுத்து வரப்போகும் பக்கத்தின் உட்சுவரை ஒரு அங்குலக் கனத்துக்குச் சுரண்டுங்கள். தாளை டேப்பால் ஒட்டி, கோட்டின் மேல் ஊசியால் குத்திக்கொண்டே போனால் வடிவம் தோலில் பதியும். புள்ளிகள் தெரியவில்லை என்றால் கொஞ்சம் மாவைத் தடவுங்கள். சமையல் கத்தி வேண்டாம், கடையில் கிடைக்கும் சின்ன ரம்பப் பல் கத்தியே பாதுகாப்பு. அதையும் பெரியவர்கள்தான் பிடிக்க வேண்டும். வெட்டிய ஓரங்களில் சமையல் எண்ணெய் தடவினால் சீக்கிரம் வாடாது. பூஞ்சைக்கு ப்ளீச் தெளிப்பது இங்கே வழக்கம். நாம் தெளிக்க வேண்டாம், காரணம் கீழே சொல்கிறேன்.

மழலை வகுப்புக் குழந்தைகளுக்கு ஆய்தத்தையும் பதினெட்டு மெய்யின் புள்ளிகளையும் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அம்மாவோ அப்பாவோ டிரில்லைப் பிடித்துக்கொள்ள, குழந்தை கண்ணாடி மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று இடத்தைக் காட்டினால் போதும். மூன்று துளை போட்டால் ஃ தயார். புள்ளி இல்லாவிட்டால் க், க ஆகிவிடும் என்பதை அந்த வயதில் இதைவிட நன்றாக எப்படிச் சொல்லித் தர முடியும்?

"ஙௌ எந்தச் சொல்லிலும் வராதே, அதை எதற்குச் செதுக்க வேண்டும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அது இல்லாவிட்டால் அட்டவணையில் பள்ளம் விழும் என்றேன். "அப்படியானால் அதை எனக்கே கொடுங்கள்" என்றாள். கொடுத்துவிட்டேன்.

மெழுகுவர்த்தி கிடையாது. காய் உருளாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் அடியில் வைக்கோல் வளையம் வைக்கிறோம், அதனால் எல்இடி விளக்கு மட்டும்தான். அதில் ஒரு எச்சரிக்கை: இந்தச் சின்ன விளக்குகளில் பொத்தான் பேட்டரி இருக்கும். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் விளக்கு வாங்கவே வேண்டாம், பள்ளியே தரும். திருகாணியால் மூடிய வகையாகத்தான் வாங்கியிருக்கிறோம்.

நுழைவில் நீலப்பச்சை வண்ணம் பூசிய ஒரு காய் தனியாக இருக்கும். உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கும் இங்கே ஏதாவது உண்டு என்பதற்கு அமெரிக்கா முழுக்க 2014 முதல் பரவிய அடையாளம் அது. அங்கே மிட்டாய்க்குப் பதில் பென்சிலும் ஒட்டுப்படமும் கொடுப்போம். நம் பள்ளியில் நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் கடலை மிட்டாய் கொண்டுவர வேண்டாம்.

இவ்வளவு காயும் வீணாகுமே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. சாப்பாட்டை வைத்து விளையாடாதே என்று வளர்ந்தவர்கள் நாம். மொத்தம் 2,470 பவுண்டு, ஆயிரம் கிலோவுக்கு மேல். செதுக்குக் காயின் சதை நீர்த்து, நாராக இருக்கும், கூட்டுக்கோ அல்வாவுக்கோ ருசிக்காது. சமையலுக்கு இங்கே சின்னச் சர்க்கரைப் பூசணி தனியாகக் கிடைக்கிறது. விதையை மட்டும் கழுவிக் காயவைத்து உப்பு, மிளகாய்த்தூள் போட்டு வறுத்துக்கொள்ளுங்கள். காய்களை அக்டோபர் 31 காலையே பண்ணைக்காரர் தன் பன்றிகளுக்காக எடுத்துக்கொள்வார். ப்ளீச் வேண்டாம் என்றது அதனால்தான், வண்ணமும் பூச வேண்டாம். நீலப்பச்சைக் காயை மட்டும் கொடுக்க மாட்டோம். அன்று மாலை பிள்ளைகள் அவரவர் தெருவில் மிட்டாய் கேட்டுப் போக எந்தத் தடையும் இல்லை.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று நீங்கள் கேட்கலாம். நம் பிள்ளைகள் ஞாயிறு மூன்று மணி நேரம் ஒரு கட்டடத்துக்குள் தமிழ் எழுதுகிறார்கள். அவர்களுடைய நண்பர்கள் யாரும் அதைப் பார்த்ததே இல்லை. போன வருஷம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பக்கத்து வீட்டு நண்பனைக் கூட்டிவந்து ஒவ்வொரு காயாகத் தொட்டு வாசித்துக் காட்டினான். ழ வந்ததும் நின்று, நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். வகுப்பில் என்னிடம் ஒரு முறைகூட ழ சரியாகச் சொன்னதில்லை அந்தப் பையன். அதனால், பிள்ளைகளின் பள்ளி நண்பர்களையும் அக்கம்பக்கத்தவரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள்.

உங்களுக்கு வேண்டிய எழுத்துகளை அக்டோபர் 11க்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பெயரின் முதல் எழுத்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள், முதலில் கேட்டவருக்கே தருவோம். 30ஆம் தேதி காய்களை நான்கரை மணிக்குள் இறக்கிவிட வேண்டும். ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஆறே கால் மணிக்கு விளக்கு ஏற்றுகிறோம். புல் ஈரமாக இருக்கும், பிள்ளைகளுக்குப் பூட்ஸ் போட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்