குர்குமின் சாப்பிடுகிறீர்களா என்று எங்களைக் கேளுங்கள்: குடல்நோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு, வணக்கம்.

அல்சரேட்டிவ் கோலைடிஸ் என்னும், பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய் எனக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ரத்தம் கலந்த மலம், எங்கே போனாலும் கழிப்பறையைத் தேடும் கண். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சென்ற ஆண்டு, இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்தான மெசலமைனோடு மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமினையும் சாப்பிடலாமா என்று என் மருத்துவரிடம் கேட்டேன். "அதெல்லாம் சமையலுக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். நானே வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தேன். அவரிடம் சொல்லவில்லை.

ஆய்வுகள் சொல்வது அந்த ஒரு வரியில் அடங்காது. ஜப்பானில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நோய் அடங்கியிருந்தவர்கள் வழக்கமான மருந்தோடு தினமும் 2 கிராம் குர்குமின் எடுத்தார்கள். ஆறு மாதத்தில் 43 பேரில் 2 பேருக்குத்தான் நோய் திரும்பியது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த 39 பேரில் 8 பேருக்குத் திரும்பியது. 2015-இல், மெசலமைன் மட்டும் போதாதவர்களுக்கு 3 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு வாரத்தில் 26 பேரில் 14 பேருக்கு நோய் அடங்கியது. வெற்று மாத்திரை எடுத்த 24 பேரில் ஒருவருக்குக்கூட அடங்கவில்லை.

சிறிய ஆய்வுகள்தான், ஒத்துக்கொள்கிறேன். 450 மில்லிகிராம் கொடுத்த ஆய்வில் பலன் இல்லை. கிரோன் என்னும் இன்னொரு குடல் அழற்சி நோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கும் குர்குமின் உதவவில்லை. ஆனால் எந்த நோய்க்கு, எவ்வளவு, எதோடு சேர்த்து என்பதைத்தானே நாங்கள் உங்களிடம் கேட்க வருகிறோம்?

நீங்கள் பேசாவிட்டால் விளம்பரம் பேசுகிறது. மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான்; 2 கிராம் வேண்டுமானால் அறுபது கிராமுக்கு மேல் தூள் விழுங்க வேண்டும். இதை அறியாமல் பாலில் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு மெசலமைனை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பெரிய பயமே அதுதான். இன்னொரு பக்கம், உடம்பில் நன்றாக ஏறட்டும் என்று மிளகிலிருந்து எடுத்த பைப்பரினைச் சேர்த்து விற்கிறார்கள். குர்குமின் ரத்தத்தில் ஏறாமல் குடலிலேயே தங்குவது பெருங்குடல் நோய்க்குக் குறையே இல்லை. ஆனால் அப்படி ரத்தத்தில் ஏற்றிவிடும் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகள் வந்துகொண்டிருக்கின்றன.

அதனால், மருந்துச் சீட்டு எழுதும்முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது தவிர வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?" திட்டமாட்டீர்கள் என்று தெரிந்தால் சொல்லிவிடுவோம். சாப்பிடுகிறவருக்கு அளவு சொல்லுங்கள், கல்லீரல் பரிசோதனை எழுதுங்கள், வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்லுங்கள்.

அடுத்த மாதம் எனக்கு மறுபரிசோதனை. இந்த முறை அந்த மாத்திரைப் புட்டியையும் கையோடு கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருத்தி