கடைசியாகக் குளித்த தேதி

செம்பூர், மும்பை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பா,

வியாழக்கிழமை போனில் ஒரு விஷயத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாய். ராத்திரி திடீரென்று வலது அடிவயிற்றில் பிடுங்கி எடுத்ததாம். ஒரு மெஃப்டால் போட்டுப் படுத்தாயாம். காலையில் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாயாம். "கேஸ்தாம்மா" என்றாய். எனக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. உனக்கு முன்னால் எனக்கு ஒரு கரு தங்கியது, தங்கக்கூடாத இடத்தில். 1996. தாராவியில் 90 அடி ரோடு பக்கம் ஒற்றை அறையில் ஆச்சி, சித்தப்பா எல்லோரும் சேர்ந்திருந்த காலம். குர்லாவில் ரயில் ஏறும்போது ஒன்றுமில்லை. அடுத்த ஸ்டேஷன் சயான் வருவதற்குள் இடது அடிவயிற்றில் சுருக்கென்று குத்தி, வேர்த்துக் கொட்டிவிட்டது. ஆச்சி ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். அப்புறம் நம்ம ஊர்க்கார டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் கேட்கவேண்டியதைக் கேட்கத்தான் செய்தார்: "கடைசியா எப்பம்மா குளிச்சே?" கடைசி விலக்கு எப்போது என்றுதான்.

ஆச்சி பக்கத்திலேயே நின்றார். கல்யாணமாகி மூன்று வருஷமாகக் குழந்தை இல்லை, மாதாமாதம் என் கணக்கு அவர் விரல்நுனியில். அந்தத் தடவை இரண்டு வாரம் தள்ளிப்போய், அப்புறம் லேசாக ரத்தம் பட்டிருந்தது. தள்ளிப்போனதைச் சொன்னால் வீடே துள்ளும், இல்லை என்றானால் என்னைத்தான் பேசும். "பத்து நாள் முன்னால" என்றேன். அரைப் பொய். டாக்டர் வேறு பக்கம் யோசிக்க அது போதும். வாய்வு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்.

விடியற்காலை தோள்பட்டை வலித்தது. வயிற்றுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டே எழுந்தவள் மயங்கி விழுந்தேன். சயான் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு மராத்தி டாக்டரம்மா, ஆச்சியைத் திரைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் குனிந்து கேட்டார்: "பாளி கதீ ஆலீ? கர சாங்." விலக்கு எப்போது வந்தது, உண்மையைச் சொல்லு என்று. சொன்னேன். சிறுநீர்ச் சோதனை, உடனே ஆபரேஷன். கருக்குழாய் வெடித்து வயிறு முழுக்க ரத்தம். அந்த ரத்தம் மேலே ஏறி உதரவிதானத்தை உறுத்தினால் தோளில் வலிக்குமாம், பிறகு அவரே விளக்கினார். இடது குழாயை எடுத்துவிட்டார்கள். நீ மிச்சமிருந்த குழாயின் புண்ணியம்.

சோனோகிராபி ஸ்கேன் சென்டரில் பேர் எழுதுகிற வேலைக்கு வந்து 17 வருஷமாகிறது. நான் டாக்டர் இல்லை, ஆனால் காதில் விழுந்தது நிறைய. உன் விஷயத்தில் எனக்கு உறுத்துவது சினைப்பை முறுக்கிக்கொள்வதுதான். சினைப்பையில் அஞ்சு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கட்டி வளர்ந்துவிட்டால், காம்போடு திருகிய எலுமிச்சம்பழம் மாதிரி அது சுற்றிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்றுபோகும். உயிர்போகிற வலி, கூடவே வாந்தி. வலது பக்கம்தான் அதிகம் வரும் என்பார்கள். இதில் ஒரு ஏமாற்று உண்டு. சில சமயம் தானே அவிழ்ந்து வலி நின்றுவிடும், அப்புறம் மறுபடி சுற்றும். உன் வயசுப் பெண் ஒருத்தி பானிபூரி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒன்றரை நாள் படுத்திருந்துவிட்டு எங்களிடம் வந்தாள். ஆபரேஷனில் பார்த்தால் சினைப்பை கறுத்துப்போயிருந்ததாம். சில மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் காப்பாற்றலாம். நீ வாந்தி எடுத்தாயா? அதைச் சொல்லவே இல்லை.

ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அடுத்த விலக்குக்கு இரண்டு வாரம் முன்னால் முட்டை வெளிவரும்போது சில பேருக்கு ஒரு பக்கமாக வலித்து, ஒரு நாளில் போய்விடும். அதற்குத்தான் தேதி எழுதி வை என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன். சின்ன நீர்க்கட்டி வெடித்தாலும் பெரும்பாலும் தானே அடங்கும். குடல்வால் என்றால் தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது கீழே இறங்கும், சோறு பிடிக்காது. சிறுநீரகக் கல் என்றால் விலாவிலிருந்து தொடை இடுக்குவரை அலை அலையாக வரும், ஒரு இடத்தில் படுக்க விடாது. இரண்டு பக்கமும் வலித்து, காய்ச்சலும் நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் இருந்தால் தொற்று. அதைக் கூச்சப்பட்டு வளரவிட்டால் குழாய் தழும்பாகி, எனக்கு வந்தது வரவும் வழி செய்யும்.

மாத்திரை போட்டதைத் தப்பென்று சொல்லவில்லை. வலி நின்றதும் விஷயமும் முடிந்தது என்று நினைத்தாயே, அதுதான். வலி திரும்பி வந்தால், கூடவே வாந்தி, மயக்கம், ரத்தப்போக்கு, காய்ச்சல், தோள்வலி எதுவானாலும் விடியட்டும் என்று பார்க்காதே. 108-ஐக் கூப்பிடு. போகிற வழியில் எதையும் தின்னாதே, ஆபரேஷன் தேவைப்படலாம்.

அடுத்ததை எழுதக் கை தயங்குகிறது. கல்யாணம் ஆகாதவள் என்று பார்த்து, கரு தங்க வாய்ப்புண்டா என்ற கேள்வியை டாக்டர் விழுங்கிவிடலாம். கேட்டால் கோபப்படாதே, கேட்காவிட்டால் நீயே சொல்லு. கூட வந்த ரூம்மேட்டை வெளியே நிற்கச் சொல்லு. என்னிடம் சொல்லியாக வேண்டும் என்றில்லை, அவரிடம் மறைக்காதே. நாள் தள்ளிப்போனால் ஸ்கேன் பார்க்காமல் மெடிக்கல் ஷாப்பில் கலைக்கிற மாத்திரை வாங்கவே கூடாது. குழாயில் தங்கியதை அது ஒன்றும் செய்யாது. ரத்தம் பட்டதும் முடிந்துவிட்டது என்று நீ நிம்மதியாக இருப்பாய், உள்ளே அது வளர்ந்துகொண்டே இருக்கும்.

இந்தச் சனிக்கிழமைக்குள் ஒரு லேடி டாக்டரைப் பார்த்து, அவர் சொன்னால் சோனோகிராபி எடுத்துவிடு. ஒரு மணி நேரம் முன்னால் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார். வரிசை நீளமாக இருக்கும், எங்கள் சென்டரில் பாதிப் பேர் என்னைத் திட்டுவதே அதற்குத்தான். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ஆச்சியிடம் மட்டும் மூச்சு விடாதே, ஓமத்தைப் பொட்டலம் கட்டி பெங்களூருக்குக் கூரியர் போட்டுவிடுவார்.

அம்மா