பம்பு அழுத்தத்தைக் கூட்டினால் தூசி அடங்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத் தூசி பற்றி வந்த கட்டுரையைப் படிப்பவர்கள், அதை அடக்கத் தண்ணீர் தெளிக்கும் பம்பின் அழுத்தத்தைக் கூட்டினால் போதும் என்றே நினைப்பார்கள். சுரங்கத்துக்குள் பல நேரம் நடப்பது நேர்மாறு. (நெய்வேலி போன்ற திறந்தவெளிச் சுரங்கத்தில் லாரிப் பாதைக்குத் தண்ணீர் அடிப்பது வேறு கதை.)

நுரையீரலின் அடிவரை போவது 10 மைக்ரானுக்கும் குறைவான துகள். அது காற்றில் ஏறிவிட்டால், நன்றாக அமைத்த ஸ்பிரேகூட 30 சதவீதத்துக்கு மேல் பிடிப்பது அரிது. ஆகவே தூசி கிளம்புமுன், கரி உடையும் இடத்திலேயே நனைக்க வேண்டும். வெட்டு இயந்திரத்தின் சுழலும் உருளையில், பிக்குகளை (கரியைக் கொத்தும் பற்களை) ஒட்டியே நாசில் (நீர் விசிறும் முனை) வைப்பது அதற்காகத்தான்.

உயர் அழுத்த ஸ்பிரே பக்கத்துக் காற்றையும் சேர்த்து இழுத்துத் தள்ளும். கன்டினியூவஸ் மைனரின் (கரியை நிறுத்தாமல் வெட்டி அள்ளும் இயந்திரத்தின்) மேலேயும் பக்கவாட்டிலும் உள்ள நாசில்கள் ஏறக்குறைய 7 பார் (அழுத்த அலகு) அளவைத் தாண்டினால், முகப்பில் (கரி வெட்டும் சுவரில்) மோதிய தூசிக்காற்று திரும்பி ஆபரேட்டர் மீதே வரும். உருளையைத் தாங்கும் வெட்டுக்கையின் அடியில் உள்ள நாசில்களுக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கலாம். லாங்வால் முறையில் (நீண்ட கரிச்சுவரை வரிசையாகச் சீவி எடுக்கும் முறை) கரியை நொறுக்கும் கிரஷரின் மூடிய கூட்டுக்குள்ளோ 4 பாருக்குள் நிறுத்த வேண்டும். மீறினால் இடுக்குகள் வழியே தூசியைத் தண்ணீரே வெளியே தள்ளும்.

கூடுதல் நீர் தேவையா? துளை பெரிதான நாசிலைப் போடுங்கள். அழுத்தத்தால் மட்டும் நீரை இரட்டிப்பாக்க, அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். அதை அளப்பதும் பம்பில் அல்ல. ஒரு நாசிலைக் கழற்றி அங்கே கேஜைப் (அழுத்தமானியைப்) பொருத்தி, மற்றவை எல்லாம் ஓடும்போது பார்க்க வேண்டும். நீளக் குழாயும் வளைவும் அடைத்த ஃபில்டரும் வழியிலேயே அழுத்தத்தைத் தின்றுவிடும்.

அன்றாடத் தலைவலி அடைப்பு. துருவும் கரித்தூளும் நாசிலில் போய் உட்காரும். கம்பியால் குத்தி எடுத்தால் துளை சிதைந்து விசிறும் கோணம் மாறும். மாற்று நாசிலைப் போடுவதே சரி. நடுவில் காலியாக, கூம்பாக விசிறும் வகை நாசிலில் துளை பெரிது, அடைப்பும் குறைவு. பிக் மழுங்கியிருந்தால் கரியை வெட்டாமல் அரைக்கும்; அந்தத் தூளுக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போதாது.

அமெரிக்க விதிப்படி, கரி வெட்டத் தொடங்குமுன்போ, வெட்டு நிற்காமல் ஷிப்ட் மாறினால் ஒரு மணி நேரத்துக்குள்ளோ காற்றின் அளவு, நீரின் அழுத்தம், ஓட்டம், கசிவு, ஓடும் நாசில்களின் எண்ணிக்கை, அவை பார்க்கும் திசை ஆகியவற்றை ஷிப்டுதோறும் சரிபார்க்க வேண்டும். நம் சுரங்கங்களின் தூசி பற்றி அடுத்து எழுதும்போது, பம்பின் குதிரைத்திறனைக் கேட்பதோடு நில்லாமல், இந்தப் பட்டியலில் எத்தனை அன்று காலை பார்க்கப்பட்டன என்றும் உங்கள் நிருபர் கேட்கட்டும்.

சுரங்கக் காற்றோட்டப் பொறியாளர்