புரை ஏறுகிறதா என்றும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நடைத் தளர்ச்சி, பார்வை மங்கல், களைப்பு என எல்லாம் இருந்தன. விழுங்குவதில் வரும் சிரமம் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது.

என் அக்காவுக்குப் பதினோரு ஆண்டுகளாக இந்த நோய். ஒவ்வொரு முறையும் மருத்துவர் அவரை நடக்கச் சொல்வார், விரலால் மூக்கைத் தொடச் சொல்வார். சாப்பாட்டைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. சொல்லும்படி ஏதோ நடக்கிறது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் என்று பழகியிருந்தார். பாதித் தட்டோடு எழுந்துவிடுவார், பசியில்லை என்பார். தண்ணீர் குடித்ததும் குரல் ஈரமாகக் கரகரக்கும். முன்பெல்லாம் அடிக்கடி புரை ஏறி இருமுவார். பிறகு அந்த இருமல் குறைந்தது. தேறிவிட்டார் என்று மகிழ்ந்தோம்!

நிமோனியா வந்து படுத்த பிறகுதான் மூக்கு வழியே மெல்லிய கேமராவைச் செலுத்திப் பார்த்தார்கள். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா இருமவே இல்லை. உணர்ச்சி மழுங்கியதால் உடல் எச்சரிக்கவே மறந்திருந்தது. அந்தத் திரையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இதை முன்னதாகவே பிடித்திருக்கலாம். இந்நோயாளிகளுக்கென்றே இத்தாலிய மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ‘டைமஸ்’ என்ற கேள்வித்தாள் இருக்கிறது. பத்தே கேள்விகள், ஆம் அல்லது இல்லை என்று பதில். காத்திருக்கும் நேரத்திலேயே நிரப்பிவிடலாம். ஆனால் நோயாளியின் பதிலோடு நிறுத்திவிடக் கூடாது. மெல்ல மெல்லப் பழகியவருக்குத் தன் சிரமம் தெரிவதில்லை. பக்கத்தில் அமர்ந்து சாப்பிடுபவரையும் கேட்க வேண்டும். ஐயம் இருந்தால் விழுங்கல் பயிற்சி தரும் பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்ப வேண்டும். நடை நன்றாக இருப்பவர்களையும் விட்டுவிடக் கூடாது, அவர்களுக்கும் இது வரலாம்.

அக்கா இப்போது களைப்பில்லாத வேளையில் சிறிது சிறிதாகச் சாப்பிடுகிறார். மோவாயைத் தாழ்த்தி விழுங்குகிறார். அந்த முறை, பரிசோதித்துப் பார்த்து அவருக்கென்று சொல்லிக்கொடுத்தது, எல்லோருக்கும் பொருந்தாது.

இது குறித்துத் தனிக் கட்டுரை ஒன்றை, பேச்சு சிகிச்சையாளர் ஒருவரைக் கொண்டே எழுதி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி