கறுப்பு டேப் சுற்றிய விசிறி

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல். அங்கே என்னதான் வேலை பார்க்கிறாய் என்று நீங்கள் கேட்டதற்கு, அரங்கில் விளக்குகளைக் கவனிக்கிறேன் என்று எழுதி நிறுத்திக்கொண்டேன். எந்த நிகழ்ச்சிக்கு என்று எழுதக் கூச்சமாக இருந்தது. பர்லெஸ்க் இரவுகளுக்குத்தான். கேலியும் பாட்டும் நடனமும் கலந்து, உடைகளை ஒவ்வொன்றாகக் களைந்து ஆடும் மேடைக்கலை அது. களைவதைவிட, களையப்போவதாகப் போக்குக் காட்டுவதற்குத்தான் கைதட்டல் அதிகம். ஒரு கையுறையைக் கழற்றுவதற்குள் பாதிப் பாட்டு முடிந்துவிடும். இதற்கு மேல் விளக்கினால் இக்கடிதத்தை அம்மாவுக்கு நீங்கள் வாசித்துக் காட்ட முடியாது.

நான் எழுத வந்தது அமைப்பாளர்களின் சண்டையைப் பற்றி. இந்தச் சிறு நகரில் இவ்விரவுகளை நடத்துபவர்கள் இரண்டே பேர்: முன்பு தாமே ஆடிய ஓர் அம்மையார், அவரிடம் மேடை அறிவிப்பாளராக இருந்து பிரிந்துபோன ஓர் இளைஞர். 1990-களில் பெருநகரங்களில் புத்துயிர் பெற்ற இக்கலையை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது யார் என்பதில் தொடங்கிய தகராறு, இப்போது ஒருவர் தேதி அறிவித்தால் மற்றவர் அதே சனிக்கிழமையைப் பிடிப்பது வரை வந்திருக்கிறது. 1937-இல் நியூயார்க்கில் பர்லெஸ்க் அரங்குகளின் உரிமங்களைப் புதுப்பிக்க மறுத்து அதிகாரிகள் அவற்றை மூடவைத்தார்கள். இங்கே அதிகாரிகளுக்கு அந்தச் சிரமம் தேவைப்படாது.

அடிபடுவது ஆடுபவர்கள்தாம். அம்மையார் குறைந்த தொகையானாலும் பேசியதைக் கொடுத்துவிடுவார். இளைஞரோ அரங்க வாடகை போக மிஞ்சும் வசூலில் பங்கு என்பார், பல இரவுகளில் ஒன்றும் மிஞ்சாது. தம் மேடையில் ஆடுபவர் அதே மாதத்தில் எதிர்மேடையில் ஏறக்கூடாது என்பது அம்மையாரின் நிபந்தனை. மணிகளைத் தாங்களே கோத்து, இறகுகளைத் தாங்களே ஒட்டி உடை தயாரிக்கும் இப்பெண்களுக்கு, மாதம் ஓர் இரவின் வருமானம் அந்த இறகுச் செலவுக்கே போதாது.

சென்ற மாதம், எதிர்மேடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிவர அம்மையார் என்னை அனுப்பினார். நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் எங்கள் அரங்குக்கு வழக்கமாக வரும் முகங்களே. மூன்றாவதாக ஒரு பெண், கேள்விப்படாத மேடைப்பெயரில், செம்பட்டைப் பொய்முடியோடு, இரண்டு பெரிய இறகு விசிறிகளை ஏந்தி வந்தார். இடக்கை விசிறி விரிந்தபோது மூன்றாவது குச்சியில் கறுப்பு டேப் தெரிந்தது. முந்தைய வாரம் எங்கள் ஒப்பனை அறையில் தரையில் உட்கார்ந்து, உடைந்த அந்தக் குச்சிக்கு டேப் சுற்றிக்கொடுத்தவனே நான். அவரும் என்னைப் பார்த்துவிட்டார். விசிறியால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே ஒரு சுற்றுச் சுற்றினார். நடனத்தின் ஒரு பகுதி என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள்.

திரும்பி வந்து அம்மையாரிடம் நாற்பத்தொன்று என்று மட்டும் சொன்னேன். யார் ஆடினார்கள் என்று கேட்டதற்கு, வெளியூர்க்காரர் ஒருவர், சுமாராக ஆடினார் என்றேன். "சுமார்" என்றது அந்தப் பெண்ணின் காதுக்கு எட்டி, என்னிடம் இரண்டு நாள் அவர் பேசவில்லை.

வருகிற சனிக்கிழமைக்கு இருவரும் சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். இரண்டிலும் அவர் இருக்கிறார், இரண்டு பெயர்களில். கறுப்பு டேப்பைப் பிரித்துவிட்டு வெள்ளை டேப் சுற்றித் தரும்படி விசிறியை என்னிடம் கொடுத்திருக்கிறார்.

அன்புத் தம்பி