ஃப்ரிட்ஜுக்குச் சொன்ன ஓடிபி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் ஊர்க் கடையில் தவணைக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினோம். கடன் நிறுவனத்துக்காகக் கடைக்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்த தம்பி, ஆதாரையும் பான் கார்டையும் தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். "அக்கா, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சொன்னேன். எது எதற்கு என்று அவர் சொல்லவில்லை. பின்னால் ஆட்கள் நின்றதால் நானும் கேட்கவில்லை. திரையை ஒரு தடவைகூட என் பக்கம் திருப்பவில்லை.

மறுநாள் காலையிலிருந்து ஓயாத அழைப்புகள். தனிநபர் கடன், நகைக்கடன், கிரெடிட் கார்டு, காப்பீடு. பேசிய ஒரு பெண் என் கணவரின் சம்பளத்தை ரூபாய் பிசகாமல் சொன்னபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்தத் தொகையை அந்த மேசையைத் தவிர வேறெங்கும் நாங்கள் சொன்னதில்லை. நிறுவனத்தைக் கேட்டால், "நீங்கதான் சம்மதம் கொடுத்திருக்கீங்க மேடம்" என்கிறார்கள். அந்தச் சம்மதத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன். பக்கம் பக்கமாக ஆங்கிலம். நடுவே, விவரங்களைக் கூட்டாளி நிறுவனங்களுக்குத் தருவோம் என்று ஒரு வரி.

செல்போன் வழிக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே நெறிமுறை வகுத்தது. 2025 மே மாதம் அதைத் தொகுத்தும் வெளியிட்டது. கடன் செயலிகள் நம் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக்கூடாது. விவரங்களை வேறொருவருக்குத் தருமுன் வெளிப்படையான ஒப்புதல் வாங்க வேண்டும். கொடுத்த ஒப்புதலை நாம் திரும்பப் பெறலாம், விவரங்களை அழிக்கவும் சொல்லலாம். பட்டியலில் உள்ள உறவினர்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்கிய கும்பல்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் கடை மேசையில் அவசரமாகச் சொல்லும் ஆறு இலக்க எண்ணே வெளிப்படையான ஒப்புதல் ஆகிவிட்டால், இந்த விதியால் எங்களுக்கு என்ன பயன்?

கடனுக்கு ஓர் ஓடிபி, விவரங்களைப் பிறருக்குத் தர இன்னொன்று என்று பிரிக்க வேண்டும். எதற்கென்று குறுஞ்செய்தியிலேயே தமிழில் இருக்க வேண்டும். இரண்டாவதைச் சொல்ல மறுத்தால் கடனை மறுக்கக்கூடாது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் பெறும் உரிமையைத் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. இந்தப் பிரிவு அமலுக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசமாம். தமிழில் நாலு வரி அனுப்ப எதற்கு இத்தனை மாதம்?

என் அம்மா தவணையில் வாஷிங்மெஷின் வாங்கப்போகிறார். நாளிதழை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பவர் அவர். தமிழில் வந்தால் ஓடிபியையும் படித்துவிட்டுத்தான் சொல்வார்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்