கவுண்டரில் கையெழுத்துப் போடும் முன்

மதுரை,
அக்டோபர் 26

அன்புள்ள கயல்விழிக்கு,

நீ அனுப்பிய வாடகைக் கார் ஒப்பந்தத்தை நம் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, இரண்டு இரவு உட்கார்ந்து படித்து முடித்துவிட்டேன். "ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பொடி எழுத்து உங்களை விடவில்லையே" என்கிறாள் உன் அம்மா. போனில் நீ கேட்டது ஒரே வரி: இன்சூரன்ஸ் எடுக்கவா, வேண்டாமா? ஒரே வரியில் பதில் சொல்ல முடிந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். அது ஒரு இன்சூரன்ஸ் அல்ல அம்மா, நான்கு. சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் நீயும் உன் தோழியும் தூக்கக் கலக்கத்தோடு போய் நிற்கும்போது, நான்கையும் ஒரே மூச்சில் ஒப்பித்து ஒரே திரையில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

முதலில் காட்டுவது சி.டி.டபிள்யூ. என்பதைத்தான். சில கம்பெனிகள் எல்.டி.டபிள்யூ. என்று எழுதும். சரியாகச் சொன்னால் அது காப்பீடே அல்ல. காருக்குச் சேதம் வந்தாலோ திருடு போனாலோ உன்னிடம் பணம் கேட்க மாட்டோம் என்று கார் கம்பெனியே கொடுக்கும் வாக்குறுதி, அவ்வளவுதான். நான்கு நாளைக்கு அதன் விலை கார் வாடகையில் பாதிக்கு மேல் வருகிறது என்றாய். இதை நீ வேண்டாம் என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். ஆனால் அதற்கு முன் உன் கிரெடிட் கார்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் கேள். அமெரிக்காவில் பல கிரெடிட் கார்டுகள் வாடகைக் காரின் சேதத்தை ஏற்கின்றன. பெரும்பாலானவை, உன் சொந்தக் கார் பாலிசி கொடுத்தது போக மிச்சத்தைத்தான் தருவோம் என்பார்கள். நீதான் சிகாகோவில் ரயிலே போதும் என்று கார் இல்லாமல் இருக்கிறாயே. உனக்குச் சொந்தப் பாலிசி இல்லாததால் அந்த இரண்டாம் இடத்துக் காப்பீடு பெரும்பாலும் தானாக முதல் இடத்துக்கு வந்துவிடும். நிபந்தனை இரண்டு. வாடகை முழுவதையும் அந்தக் கார்டிலேயே கட்ட வேண்டும். கவுண்டரில் சி.டி.டபிள்யூ. வேண்டாம் என்று மறுத்திருக்க வேண்டும். டெபிட் கார்டை நீட்டினால் இந்தச் சலுகையை எதிர்பார்க்காதே.

இன்னொன்றும் கேட்டுக்கொள். கார் பட்டறையில் கிடக்கும் நாட்களுக்கு வாடகை நட்டம் என்று கம்பெனி தனியாக பில் போடும். அதைக் கார்டு தருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கு. கார்டு வழியாகப் போனால் பணத்தை முதலில் நீ கட்டிவிட்டு, பிறகு காகிதம் அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டியிருக்கும். ஏழாம் வகுப்பில் புது சைக்கிளில் பெயின்ட் உரிந்ததற்கு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாதவள் நீ. அந்தக் கவலை தாங்காது என்றால் சி.டி.டபிள்யூ.வை எடுத்துக்கொள், நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்குத் தூக்கம் வராதது வேறொன்றால். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மோதியது உங்கள் காராக இருந்து, அடிபட்டவர் வேறொருவராக இருந்தால் என்ன செய்வாய்?

கேட்கத் தோன்றாததற்குக் காரணம் நம் ஊர்ப் பழக்கம். இங்கே 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டி சாலைக்கு வரக்கூடாது. காருக்கு ஒழுங்கான பாலிசி இருந்தால், அடிபட்டவரின் உயிருக்கும் உடலுக்கும் தீர்ப்பாயம் எவ்வளவு விதித்தாலும் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தாக வேண்டும். உச்சவரம்பு கிடையாது. சொத்துச் சேதத்துக்குத்தான் 7.5 லட்சம் ரூபாய் என்ற வரம்பு. அதனால் 'தர்ட் பார்ட்டி' என்றாலே அது யாரோ பார்த்துக்கொள்வது என்று நமக்கு ஊறிப்போய்விட்டது.

கலிபோர்னியாவில் கதை வேறு. அங்கே கட்டாயக் காப்பீட்டின் குறைந்தபட்ச அளவு ஒருவர் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்தில் எல்லோருக்கும் சேர்த்து 60,000, சொத்துக்கு 15,000. இதுவும் 2025 ஜனவரியில்தான் உயர்ந்தது. அதற்கு முன் இவை 15,000, 30,000, 5,000 என்றே பல பத்தாண்டுகள் கிடந்தன. உன் ஒப்பந்தத்தில், மாநிலச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்துக்கு மேல் ஒரு டாலரும் தர மாட்டோம் என்று எழுதியிருக்கிறது. எலும்பு முறிந்து ஒருவர் அங்கே ஆஸ்பத்திரியில் படுத்தால் 30,000 டாலர் எத்தனை நாளைக்குக் காணும் என்று அங்கேயே இருக்கும் உனக்குத் தெரியும். மிச்சத்தை யாரிடம் கேட்பார்கள்? கார் கம்பெனியிடம் அல்ல. வண்டிக்குச் சொந்தக்காரர் என்பதற்காக மட்டும் வாடகை நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று 2005-இல் கூட்டாட்சிச் சட்டமே வந்துவிட்டது. கேட்பது உன்னிடம்தான். உன் கிரெடிட் கார்டும் இந்த இடத்தில் கையை விரித்துவிடும்; அது காருக்கு மட்டும்தான்.

ஆகவே கவுண்டரில் 'சப்ளிமென்ட்டல் லயபிலிட்டி' என்று ஒன்று சொல்வார்கள்; அடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டியதை அந்தக் குறைந்தபட்சத்துக்கு மேலும் ஏற்கும் காப்பீடு. அதை யோசிக்காமல் எடு. எவ்வளவு தொகை வரை என்று மட்டும் கேள். சில இடங்களில் 3 லட்சம் டாலர், சில இடங்களில் 10 லட்சம். காரை நொறுக்கினால்கூட நட்டம் காரின் விலையோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஆள் விஷயத்தில் அப்படி எந்தக் கோடும் இல்லை. பம்பர் கீறலுக்குப் பயந்து பணம் கட்டிவிட்டு, இதை மறுத்துவிட்டு வருகிறவர்களைத்தான் நான் அதிகம் கேள்விப்படுகிறேன். அடிக்கடி வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால், சொந்தக் கார் இல்லாதவர்களுக்கென்றே அங்கே ஒரு பாலிசி உண்டு. ஊர் திரும்பியதும் விசாரி.

மற்ற இரண்டும் உங்கள் விபத்துச் சிகிச்சைக்கும் பெட்டி படுக்கைக்கும். உனக்கு அலுவலக மருத்துவக் காப்பீடு இருக்கிறது. வேண்டாம்.

அடுத்தது உன் தோழி. அவளுக்கு 24 வயது என்பதால் இன்னொரு ஓட்டுநராகச் சேர்க்கக் கூடுதல் பணம் கேட்கிறார்கள், அதனால் பெயரைச் சேர்க்காமல் "சும்மா கொஞ்ச தூரம்" ஓட்டவைக்கலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால் சி.டி.டபிள்யூ.வும் போகும், கார்டும் போகும், நான் எடுக்கச் சொன்னதும் போகும்.

வத்தலக்குண்டு மாமாவை நினைவிருக்கிறதா, கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் பந்தியை மாற்றிக்கொள்வாரே? அவர் தன் வெள்ளை போர்டு காரைக் கொடைக்கானலுக்குப் போன ஒரு குடும்பத்துக்கு நாள் வாடகைக்கு விட்டார். காட் ரோட்டில் திருப்பத்தில் பாறையில் மோதி முன்பக்கம் அப்பளமாகிவிட்டது. காப்பீட்டுக் கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராகப் போனது நான். டாஷ்போர்டு பெட்டிக்குள் வாடகைக் கணக்கு எழுதிய சீட்டு இருந்தது. சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகைக்கு விடக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. நான் பார்த்ததை எழுதினேன், கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. அந்தச் சீட்டைப் பார்க்காத மாதிரி இருந்திருக்கலாமே என்று உன் அம்மா இன்றைக்கும் கேட்பாள். அவர்கள் கொடுத்தது ஒரு நாள் வாடகை. அவர் இழந்தது ஒரு கார். நீ அந்தப் பெண்ணின் பெயரைச் சேர்த்துவிடு, பணத்தை நான் அனுப்புகிறேன்.

நவம்பர் கடைசியில் யோசமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போகிறீர்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே எப்போது வேண்டுமானாலும், பனியில் வழுக்காமல் இருக்க மாட்டும் டயர் சங்கிலி கட்டாயம் என்று அறிவிப்பு வரலாம். உன் ஒப்பந்தமோ டயரில் சங்கிலி மாட்டக்கூடாது என்கிறது! இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாதே. பனி விழும் என்று தெரிந்தால் காரை மெர்சிட் ஊரில் விட்டுவிட்டுப் பேருந்தில் போ. 140-ஆம் எண் சாலையில் பூங்கா வரைக்கும் பேருந்து உண்டு.

காரை எடுக்கும்போது நான்கு பக்கமும், கூரை, கண்ணாடி, டயர், கிலோமீட்டர், இல்லை உங்கள் ஊர் மைல், எல்லாவற்றையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. திருப்பிக் கொடுக்கும்போதும் அதே வரிசையில். சான்பிரான்சிஸ்கோவில் காரை நிறுத்தினால் இருக்கையில் ஒரு பை கூட வைக்காதே; கண்ணாடியை உடைத்து எடுத்துப் போவது அங்கே சாதாரணம்.

உன் அம்மா அனுப்பிய புளிக்காய்ச்சல் பாட்டில் அடுத்த வாரம் வந்து சேரும். யோசமிட்டிக்குக் கொண்டுபோவாய் என்று தெரியும். இரவில் அதைக் காருக்குள் விடாதே. வாசனை பிடித்துக் கரடி கதவைப் பிய்க்கும் என்பதால் அங்கே அதற்குத் தடையே இருக்கிறது. சாப்பாட்டை வைக்க இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். இதைப் படித்துக் காட்டியதும், "கரடிக்குமா என் புளிக்காய்ச்சல் பிடிக்கும்?" என்று உன் அம்மா கேட்டாள். முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

அன்புடன்,
அப்பா